பதினோரு விநாடி

தொழிற்சாலையில் என் வேலை
பச்சைப் பொத்தானை அழுத்துவது.
காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி,
ஒரு ஷிப்டுக்கு நானூற்றுப் பத்து அலமாரிக் கதவுகள்.
அவற்றில் எதையும் நான் தொட்டதாக நினைவில்லை.
குறை சொல்லவில்லை.
அந்தப் பொத்தான்தான் வாடகை கட்டுகிறது,
இந்த ஆஷ் பலகையையும் அதுதான் வாங்கியது.

தாலின் நகரத்தில், கோப்லி முனையில்
ட்ராம் திரும்பும் இடத்தில் மரவீடு.
ஜூன் மாதம். இரவு பதினொன்று,
ஜன்னலில் பகல் இன்னும் வடிந்து தீரவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் வில்யாவின் கைக்குழந்தை.
இந்தப் பக்கம் நான்,
சமையலறை மேசையோடு பலகையை இறுக்கிக்கொண்டு.

போன வருஷம் ஒரு மின்சார இழைப்பான் வாங்கினேன்.
முதல் நிமிஷம் குழந்தை அழுதது,
இரண்டாவது நிமிஷம் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்,
மூன்றாவது நிமிஷம் சூப்பில் மரத்தூள்.
மறுநாள் பாதி விலைக்குப் போனது.

இப்போது, முதலில் தீட்டுவேன்.
கல்லில் இரண்டு சொட்டு நீர்.
இரும்பின் முகம் கல்லோடு ஒட்டும் கணம்
விரல்நுனிக்குத் தெரியும்.
கூர் பார்க்க முன்கையில் ஒரு கீற்று மழிப்பேன்.
கோடை முழுக்க என் இடக்கை வழுக்கை;
ட்ராமில் யாராவது உற்றுப் பார்த்தால்
சட்டைக்கையை இறக்கிவிடுவேன்.

பிறகு இழைப்புளி.
முதல் தள்ளல் திக்கும்,
மேடுகளில் மட்டும் பேசும்.
ஐந்திலோ ஆறிலோ திக்கல் போய்
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
ஒரே மூச்சு.
பட்டுத்துணி கிழிபடும் ஓசை என்றார்கள்;
நான் பட்டு கிழித்ததில்லை.
சீவல் சுருண்டெழுந்து
மணிக்கட்டில் விழுகிறது, வெதுவெதுப்பாக.
விரித்து, அதன் வழியே ஜன்னலைப் பார்த்தேன்:
துறைமுகத்துக் கிரேன், மஞ்சளாய், மங்கலாய்.

குழந்தை விழிக்கவில்லை.

ரைவோ சிரிப்பான்.
"நம்ம எந்திரத்துக்கு இது பதினோரு விநாடி.
நீ ஒரு வாரமாகத் தடவிக்கொண்டிருக்கிறாயே."
ஆமாம், தடவிக்கொண்டுதான் இருக்கிறேன்.
எந்திரம் முடிச்சை விசாரிப்பதில்லை,
அரைத்துக்கொண்டு போய்விடும்.
எனக்கோ முடிச்சு வருமுன்பே
தோள்பட்டைக்குச் செய்தி வந்துவிடுகிறது:
ஓட்டம் மாறுகிறது, எதிர்மயிர், நில்,
பலகையைத் திருப்பிப் போடு.
இங்கே ஒரு கிளை இருந்திருக்கிறது.
ஏதோ ஒரு வருஷம் காற்று
ஒரே பக்கமாய் அடித்திருக்கிறது.
பதினோரு விநாடியில்
இதையெல்லாம் எங்கே வைப்பது?

செவ்வாய்க்கிழமை தவறிழைத்தேன்.
புறாவால் பொருத்தில்
கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுக்க வேண்டியவள்
கோட்டையே அறுத்துவிட்டேன்.
ரம்பம் மெதுவானது. தவறும் மெதுவாகத்தான் நடந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அதே பலகையின் சீவலை நான்காய் மடித்துச் செருகி
பசை தொட்டு ஒட்டினேன்.
வில்யாவிடம் காட்டினால் "எங்கே?" என்பாள்.
என் கட்டைவிரல் மட்டும் போகும்போதெல்லாம்
அங்கே ஒருமுறை நின்றுவிட்டுப் போகிறது.

இன்று இரண்டு இழுப்பறைகளும் பெட்டிக்குள் போயின.
கடைசியாய், கீழ் அறையின் விலாவில்
ஒரே ஒரு சீவல் எடுத்தேன்,
உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியாதது.
மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துவிட்டு
ஒரு விரலால் தள்ளினேன்.
போனது, போனது,
கடைசி அங்குலத்தில் தயங்கியது.
உள்ளே அடைபட்ட காற்றுக்கு வேறு வழியில்லை;
மேல் இழுப்பறை தானாக
முன்னே வந்தது.

அதை மூடினேன். கீழது வந்தது.
கீழதை மூடினேன். மேலது.
மணி ஒன்றாகிவிட்டது,
காலை ஆறுக்கு ஷிப்ட்.
இன்னும் ஒரே ஒரு தடவை.